பூச்செடியை வெட்டினால் தேனீ போய்விடுமா?



நெகிரி செம்பிலானில் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அண்மையில் ஒரு கோரிக்கை எழுந்தது. இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவனைத் தேனீ கொட்டிவிட்டது. ஆகவே வளாகத்திலுள்ள பூச்செடிகள் அனைத்தையும் அகற்ற வேண்டும். வேலியோரத்தில் பொந்துள்ள மரத்தையும் சாய்க்க வேண்டும். இதுவே கோரிக்கை. "பிள்ளை முக்கியமா, பூச்செடி முக்கியமா டீச்சர்?" என்று ஒரு தாயார் கேட்டார். அவையில் கைதட்டல் எழுந்தது. மறுத்துப் பேச எனக்குக் கிடைத்த நேரமோ மூன்று நிமிடம். ஆகவே சொல்ல நினைத்ததை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

அந்தத் தாயாரின் அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எனக்கும் பிள்ளைகள் உண்டு. ஆனால் பூச்செடியை வெட்டுவதால் எந்தப் பிள்ளையும் காப்பாற்றப்படப் போவதில்லை என்பதே என் கருத்து. எந்தத் தேனீ, எங்கே, எதற்காக வந்தது என்று கேளாமல் எடுக்கப்படும் எந்த நடவடிக்கையும் பயன் தராது. அம்மாணவன் கொட்டுப்பட்ட இடத்தையே பாருங்கள். அவன் தோட்டத்தில் விளையாடிக்கொண்டிருக்கவில்லை. காலை ஏழரை மணிக்குக் கணினி அறையின் வாசலில் காலணியைக் கழற்றிவிட்டுத் தாழ்வாரத்தில் நின்றான். தரையில் கிடந்த தேனீயை மிதித்தான். அத்தாழ்வாரத்தில் ஒரு பூந்தொட்டிகூட இல்லை. அங்கே இருந்தது இரவு முழுவதும் எரியும் குழல்விளக்கு.

விளக்கைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் பெயர்கள்.

தமிழாசிரியர் என்ற முறையில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. "முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்டாற்போல" என்ற பழமொழியைப் பொருளோடு ஒப்புவிக்கும் மாணவனிடம் கொம்புத்தேன் என்றால் என்ன என்று கேட்டால் விழிக்கிறான். கொம்புத்தேன், பொந்துத்தேன், மலைத்தேன், கொசுத்தேன் என்று நம் முன்னோர் தேனைப் பிரித்துச் சொன்னது சுவைக்காக மட்டும் அன்று. எந்தத் தேனீ எங்கே கூடு கட்டும், எதனிடம் எவ்வளவு நெருங்கலாம் என்ற அறிவும் அப்பெயர்களில் இருக்கிறது. தமிழ்நாட்டில் பிறந்த இச்சொற்கள் நம் தோட்டங்களுக்கும் பொருந்துகின்றன. நான்கு வகையுமே மலேசியத் தீபகற்பத்தில் உண்டு. இன்று நாமோ எல்லாவற்றையும் "தேனீ" என்கிறோம்; சிலர் "பூச்சி" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பெயர் தெரியாதபோது கையில் இருக்கும் ஒரே வழி மண்ணெண்ணெய்ப் பந்தம்.

கொம்புத்தேனீ மிகச் சிறியது. செடியின் கிளையில் உள்ளங்கை அளவில் ஒரே ஓர் அடையைக் கட்டும். பழமொழியில் வரும் கொம்பு உயரமானது என்றாலும், இது பெரும்பாலும் தாழ்ந்த புதர்களையே நாடும். நாம் தொந்தரவு செய்யாதவரை அதுவும் நம்மைத் தொந்தரவு செய்யாது. இதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம்.

பொந்துத்தேனீதான் நம் வீடுகளுக்கு அடிக்கடி வரும் விருந்தாளி. மரப்பொந்து, சுவரின் இடுக்கு, கூரையின் உட்புறம், தண்ணீர் மீட்டர் பெட்டி, பயன்படுத்தாத அலமாரி என இருட்டான வெற்றிடம் எதுவாயினும் அதற்கு வீடுதான். உள்ளே பல அடைகளை வரிசையாகக் கட்டும். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பெட்டியில் வைத்து வளர்ப்பது இதைத்தான். இங்கும் தேனீ வளர்ப்போர் இதைப் பெட்டிக்கு மாற்றிக் கொண்டுசெல்வார்கள். கூட்டை நாமே நெருங்கிக் குச்சியால் குத்தாதவரை ஆபத்து குறைவு.

இதைத் தடுக்க மருந்து தேவையில்லை. சிமெண்டும் கம்பிவலையும் போதும். தேனீ இல்லாத காலத்தில் சுவர் ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். காற்றுக்காக விடப்பட்ட துளைகளுக்கு மூன்று மில்லிமீட்டருக்கும் குறைந்த கண்ணுடைய வலையைப் பொருத்துங்கள். கூடு அமைந்த பின் மருந்தடித்துக் கொன்றுவிட்டு அடையை உள்ளேயே விட்டுவிடுவது மிகக் கெட்ட வழி. காற்று வீசிக் குளிரவைக்கத் தேனீ இல்லாத அடையில் மெழுகு இளகும். தேன் சுவரில் வடியும். எறும்பும் மெழுகுப்பூச்சியும் வரும். அந்த மணத்தை நுகர்ந்து அடுத்த ஆண்டு வேறொரு கூட்டமும் வந்து குடியேறும். மருந்தடித்தவருக்கு மீண்டும் பணம் கொடுக்க நேரிடும்.

சில நாள்களில் கிளையிலோ வேலியிலோ பலாப்பழம்போலத் திரண்டு தொங்கும் தேனீக் கூட்டத்தைக் கண்டிருப்பீர்கள். அங்கே கூடும் இல்லை, அடையும் இல்லை. பழைய கூட்டிலிருந்து பிரிந்து புது வீடு தேடும் பயணத்தில் இளைப்பாறும் குடும்பம் அது. வயிறு நிறையத் தேனைச் சுமந்து வந்திருக்கும்; காப்பதற்குக் குஞ்சோ சேமிப்போ இராது. ஆகவே தேனீ மிகச் சாதுவாக இருக்கும் நேரமும் அதுவே. பார்ப்பவருக்கு மிக அதிகமாக அச்சமூட்டும் காட்சியும் அதுவே என்பதுதான் வேடிக்கை. சன்னலைச் சாத்துங்கள், பிள்ளைகளை அப்பக்கம் விடாதீர்கள். பொந்துத்தேனீத் திரள் பெரும்பாலும் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தானாகப் போய்விடும். அதற்குள் தண்ணீர்க்குழாயைத் திருப்பி அடிப்பவர்களை என்ன சொல்வது!

மலைத்தேனீ இவற்றிலிருந்து முற்றிலும் வேறு. எச்சரிக்கை வேண்டியது இதனிடம்தான். உருவில் பெரியது. உயர்ந்த மரக்கிளையிலும் தண்ணீர்த் தொட்டியின் அடியிலும் கட்டடத்தின் விளிம்பிலும் திறந்தவெளியில் ஒரே பெரிய அடையாகத் தொங்கும். அடை ஒரு மீட்டர் அகலம்கூட இருக்கும். அதன்மேல் போர்வைபோல் ஆயிரக்கணக்கான தேனீக்கள் மூடியிருக்கும். எதிரி நெருங்கினால் அப்போர்வையில் அலையொன்று ஓடுவதைக் காணலாம். அடுத்தடுத்து வயிற்றைத் தூக்கி அவை காட்டும் எச்சரிக்கை அது. அந்த அலையைக் கண்டால் பேசாமல் பின்வாங்கிவிட வேண்டும். கல்லெறிந்தால் கூட்டமாக வரும்; நூற்றுக்கணக்கான மீட்டர் துரத்தும்.

மலாய் மொழியில் இதற்கு லெபா துவாலாங் என்று பெயர். காட்டின் மிக உயரமான மரங்களுள் ஒன்றான துவாலாங்கில் இது கூடு கட்டுவதால் அப்பெயர். கெடா மாநிலத்தின் பெடு ஏரிப் பகுதியில் தேனெடுப்போர் ஒரு கதை சொல்வார்கள். அரண்மனையில் பணிபுரிந்த ஹீத்தாம் மானிஸ் என்ற இந்துப் பெண், சுல்தானின் மகனைக் காதலித்ததற்காக ஈட்டியால் குத்தப்பட்டுத் தேனீயாக மாறினாளாம். ஹீத்தாம் மானிஸ் என்றால் கறுப்பும் இனிமையும் என்று பொருள். இரும்பு அவளைக் கொன்றதால், தேனெடுக்கும்போது உலோகக் கருவி எதையும் அவர்கள் கொண்டுசெல்வதில்லை. மரமும் தோலும் எலும்பும்தான். நம் பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல கதை.

மலைத்தேனீக் கூடு அருகில் இருப்பதை மேலே பார்க்காமலேயே அறிய ஒரு வழி உண்டு. காயப்போட்ட வெள்ளைச் சட்டையிலோ மகிழுந்தின் கூரையிலோ கடுகளவு மஞ்சள் புள்ளிகள் தெறித்திருக்கின்றனவா என்று பாருங்கள். தேனீக்கள் கூட்டமாகப் பறந்து எச்சமிட்டதன் அடையாளம் அது. 1980களில் இந்தோசீனாவில் பெய்த "மஞ்சள் மழை" இரசாயன ஆயுதம் என்று அமெரிக்கா சோவியத் ஒன்றியத்தின்மீது குற்றம் சாட்டியது. அது தேனீ எச்சமே என்று அறிவியலாளர்கள் காட்டினர். மலேசிய வேளாண் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த மக்சிர் மார்டானும் கனடாவின் பீட்டர் கேவனும், இக்கூட்டுப் பறத்தல் மலைத்தேனீ உடல்வெப்பத்தைத் தணிக்கும் வழி என்று 1989-இல் எழுதினர். வல்லரசுகளைக் குழப்பிய புள்ளிகள் நம் துணிக்கொடியில் இருக்கலாம். கண்டால் அண்ணாந்து பாருங்கள்.

கூடு பள்ளிக்கோ வீட்டுக்கோ அருகில் இருந்தால் நாமாக எதுவும் செய்யக்கூடாது. 999-ஐ அழைத்துத் தகவல் சொல்லுங்கள். பொதுத் தற்காப்புப் படையோ தீயணைப்பு மீட்புப் படையோ வந்து பார்க்கும். ஆளரவமற்ற உயர்ந்த மரத்தில் இருந்தால் விட்டுவிடலாம். மலைத்தேனீ நாடோடி, சில மாதங்களில் தானே இடம்பெயரும். ஆனால் அதே இடத்துக்குத் திரும்பி வரும் பழக்கமும் அதற்கு உண்டு. ஆகவே அது போன பின் எஞ்சிய மெழுகைச் சுரண்டிக் கழுவிச் சாயம் பூசிவிடுவது நல்லது. பள்ளிப் பராமரிப்புப் பட்டியலில் இந்த ஒரு வரியை நான் எங்கும் கண்டதில்லை.

மலைத்தேனீயைச் சினமூட்டுவது எப்போதும் மனிதன்தான் என்றும் இல்லை. தேன்பருந்து என்றொரு பறவை தேனீக் கூட்டைக் கிழித்துக் குஞ்சைத் தின்னும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சுமத்திராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து ஆயிரக்கணக்கான தேன்பருந்துகள் போர்ட்டிக்சனை ஒட்டிய தஞ்சோங் துவானில் கரையேறுகின்றன. மலேசிய இயற்கைக் கழகம் அங்கே 2000ஆம் ஆண்டு முதல் பருந்து காணும் விழாவை நடத்தி வந்திருக்கிறது. பருந்து தாக்கிய கூட்டுக்குக் கீழே அவ்வேளையில் யார் நின்றாலும் கொட்டு விழும். ஆகவே "நாங்கள் ஒன்றும் செய்யவில்லையே" என்று கொட்டுப்பட்டவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம்.

இவ்விடத்தில் நம் தோட்டக் கோவில்களைப் பற்றி ஒரு சொல். முனீசுவரர் கோவிலோ மாரியம்மன் கோவிலோ, பல இடங்களில் தலைமேல் பெரிய மரம் இருக்கும். திருவிழாவுக்கு முன் பந்தல்காரரையும் மேளக்காரரையும் ஏற்பாடு செய்யும் நிருவாகம், மரத்தில் கூடு இருக்கிறதா என்று ஒருமுறை அண்ணாந்து பார்ப்பதில்லை. பிறகு புகை, வெடி, அதிர்வு எல்லாம் ஒன்றாக நடக்கும். பள்ளியில் கோத்தோங் ரோயோங் நாளில் புல்வெட்டும் இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு புதருக்குள் நுழையும் தந்தையருக்கும் இதே அறிவுரைதான். அந்த இரைச்சலும் அதிர்வும் தேனீக்குப் பிடிக்காது. இயந்திரத்தை முடுக்குமுன் ஐந்து நிமிடம் சுற்றிப் பாருங்கள்.

தேனீயின் பெயரில் பழி சுமக்க வைக்கும் ஒருவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மலாயில் தெபுவான் எனப்படும் பெருங்குளவி. வயிற்றின் மேற்பாதியில் செம்மஞ்சள் பட்டை, மற்றெல்லாம் கறுப்பு. காகிதம்போன்ற பொருளால் பெரிய உருண்டைக் கூடு கட்டும். தெபுவான் கொட்டி இறந்தவரைப் பற்றிய செய்தி நம் நாளேடுகளில் அவ்வப்போது வரும். தோட்டத்தில் பேசும்போது அது "தேனீ கொட்டிச் செத்துட்டாரு" என்று மாறிவிடும். தேனீ கொட்டினால் கொடுக்கு நம் தோலில் தங்கிவிடும், தேனீயும் இறக்கும். குளவி அப்படியன்று, ஒன்றே பலமுறை கொட்டும். தெபுவான் கூட்டை வீட்டருகே கண்டால் ஆராய்ச்சி வேண்டாம், உடனே 999.

இனி விளக்கு. நிலவொளியில் மலைத்தேனீ இரவிலும் இரை தேடும். அதனால்தான் வெண்ணிறக் குழல்விளக்குக்கு ஏமாந்து வருகிறது. விடியும்வரை சுற்றிக் களைத்துக் கீழே விழுகிறது. காலையில் வெறுங்காலுடன் வரும் பிள்ளை மிதிக்கிறது. இறந்த தேனீயின் கொடுக்குக்கூடக் குத்தும். இதற்குத் தீர்வு பூச்செடியை வெட்டுவதா? இரவில் வேண்டாத விளக்கை அணையுங்கள். பாதுகாப்புக்கு வேண்டுமெனில் மஞ்சள் நிற விளக்கைப் போடுங்கள். பள்ளிப் பணியாளர் காலையில் முதல் வேலையாகத் தாழ்வாரத்தைக் கூட்டட்டும். வீட்டில் இரவு நேரத்தில் தேனீ வந்தால் திரைச்சீலையை இழுத்துவிட்டு அறை விளக்கை அணைத்தால் போதும்.

சிற்றுண்டிச்சாலையும் அவ்வாறே. விளையாட்டுப் போட்டி நாளில் சிவப்புச் சிரப் தண்ணீரைத் திறந்த வாளியில் வைப்பது நம் வழக்கம். ஒரு மணி நேரத்தில் தேனீ மொய்க்கும். மூடியுள்ள கலன், மூடியுள்ள குப்பைத்தொட்டி, சிந்தியதை உடனே துடைக்கும் ஈரத்துணி. செலவு எவ்வளவு? பிள்ளை குடிக்கும் டின் பானத்துக்குள் தேனீ புகுந்து வாய்க்குள் கொட்டினால் தொண்டை வீங்கும், அது ஆபத்து. கண்ணாடிக் குவளையில் ஊற்றிக் கொடுங்கள்.

பந்தம் கொளுத்துவோரிடம் வருகிறேன். இரவில் நீண்ட கம்பில் துணி சுற்றி, மண்ணெண்ணெயில் தோய்த்துக் கூட்டைக் கொளுத்துவது தோட்டத்தில் வீரமாகக் கருதப்பட்டது. பலகை வீடுகளில் கூரையோரம் கொளுத்தியவர்களும் உண்டு. தேனீயைவிடப் பெரிய ஆபத்தை வீட்டுக்குள் அழைக்கும் வேலை இது. எரிந்தது போக எஞ்சிய தேனீக்கள் விடிந்ததும் தரையெங்கும் ஊர்ந்துகொண்டிருக்கும், சினத்தோடு. முதலில் எழுந்து விளையாட வருபவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். அதே வீட்டுப் பிள்ளை மறுநாள் கட்டுரையில் "தேனீயைப்போல் சுறுசுறுப்பாக உழைக்க வேண்டும்" என்று எழுதும். நாமும் சிவப்பு மையால் "நன்று" போடுவோம்.

மறுபக்கத்துக்கும் ஒரு சொல். தேனீயை ஆதரித்துப் பேசும் நண்பர்கள், "தேனீ அழிந்தால் நான்கே ஆண்டுகளில் மனித இனம் அழியும் என்று ஐன்ஸ்டைன் சொன்னார்" என்பார்கள். பேச்சுப்போட்டிகளில் நானே பலமுறை கேட்டிருக்கிறேன். அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது. நாம் உண்ணும் அரிசிக்கும் தேனீக்கும் தொடர்பில்லை. நம்மைச் சூழ்ந்திருக்கும் செம்பனைக்குக்கூடத் தேனீ முதன்மையானதன்று. அதன் மகரந்தத்தைச் சேர்ப்பது ஒரு சிறு வண்டு. ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டிலிருந்து அவ்வண்டு 1981-இல் மலேசியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதற்கு முன் தொழிலாளர்கள் மரம் மரமாகச் சென்று கையால் மகரந்தம் தூவினார்கள். வண்டு வந்தது, தோட்ட நிருவாகங்களுக்கு அந்தக் கூலி மிச்சமாயிற்று. யாருடைய கூலி என்பதை எந்தப் பாடநூலும் எழுதுவதில்லை. அது வேறு கதை.

பயமுறுத்தும் பொய்கள் நமக்கு வேண்டாம். கொல்லைப்புறத்துப் பூசணிக்கொடியே போதுமான ஆசிரியர். ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. காலையில் மலர்ந்து நண்பகலுக்குள் வாடிவிடும். அதற்குள் தேனீ வந்து போகாவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி உதிரும். பாகற்கொடியும் அப்படித்தான். பூச்செடிகளை வெட்டிய வளாகத்தில் பிள்ளைகள் நட்ட காய்கறிப் பாத்தி காய்க்கவில்லை என்று புலம்புவதில் பொருளில்லை. மேலும், தேனீ பல கிலோமீட்டர்கூடப் பறந்து இரை தேடும். பள்ளியில் பத்துத் தொட்டியை அகற்றினால் சுற்றியுள்ள காடும் தோட்டமும் பூக்காமல் போய்விடுமா என்ன? பூவில் அமர்ந்திருக்கும் தேனீ வேலையில் இருக்கிறது. பிடித்து நசுக்கினால் அன்றி அது கொட்டுவது அரிது. கொட்டும் தேனீ கூட்டைக் காக்கும் தேனீ. இவ்வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தால் பாதி ஆபத்து நீங்கும்.

பால்மரம் செழித்த காலத்தில் தேனீ நமக்கு அயலாராக இருக்கவில்லை. பால்மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும்போது, மூன்று சிற்றிலைகள் சேரும் காம்பு நுனியில் இனிப்பு நீர் சுரக்கும்; பூவே வேண்டாம், தேனீக்கு இளந்தளிரே விருந்து. தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் இதை வைத்தே ஒரு தொழில் வளர்ந்தது. அங்கு 1920களில் கிறித்தவ இளைஞர் சங்கம் தேனீ வளர்ப்பைக் கற்பித்தது. பால்வெட்டிய குடும்பங்கள் பெட்டியும் வைத்துத் தேனும் எடுத்தன. நாமும் பால்மரத்தடியில்தான் பிறந்தோம். ஆனால் பெட்டியை யாரும் நம் கையில் தரவில்லை. பால்மரத்தின் இடத்தைச் செம்பனை பிடித்தது. லயன் வீடுகளிலிருந்து தாமான்களுக்கு வந்தோம். தேனீயை அறிந்த பெரியவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

தேனீயை அழைக்க விரும்பும் பள்ளிகளுக்கு என் பரிந்துரை கொசுத்தேனீ, மலாயில் கெலுலுட். இதற்குப் பயன்படும் கொடுக்கே கிடையாது. சினந்தால் தலைமுடியில் புகுந்து கடிக்கும், அவ்வளவுதான். சுவரிலோ மரத்திலோ பிசினால் ஊதுகுழல்போன்ற வாசல் கட்டியிருந்தால் அது இதன் வீடு. அறியாமல் அதைச் சிமெண்டு பூசி அடைப்பவர்கள் இருக்கிறார்கள். தேன் புளிப்பும் இனிப்புமாக இருக்கும். இத்தேனுக்கென்றே 2017-இல் மலேசியத் தரநிலை வெளியிடப்பட்டது. வாங்கும்போது ஒன்று கேளுங்கள்: இது வளர்ப்பவர் பிரித்துப் பெருக்கிய கூடா, காட்டு மரத்தை வெட்டி எடுத்த கட்டையா? இரண்டாவது என்றால் வேண்டாம். காலை வெயில் படும் நிழலான இடத்தில், தாங்கியின் கால்களில் எறும்பு ஏறாதபடி மசகு தடவி வையுங்கள். சுற்றிலும் துளசி, முருங்கை, எலுமிச்சை, கறிவேப்பிலை. வேலியில் மணமகளின் கண்ணீர் என்று மலாய்க்காரர் அழைக்கும் இளஞ்சிவப்புக் கொடி. செம்பனைத் தோட்டங்களிலேயே இலைப்புழுவின் இயற்கை எதிரிகளை ஈர்க்க இக்கொடியை நடுகிறார்கள். கன்று கிடைப்பது கடினமன்று. பள்ளித் தேனை வீட்டுக்குக் கொண்டுபோகும் பெற்றோர் ஒன்றை மறவாதீர்கள்: ஒரு வயது நிரம்பாத குழந்தையின் நாவில் தேனைத் தொட்டு வைக்கக்கூடாது. தாத்தா பாட்டி வற்புறுத்தினாலும் கூடாது. கெட்டுப்போகாத நல்ல தேனிலும் அக்குழந்தைக்கு நஞ்சாகும் நுண்ணுயிரி இருக்கலாம்.

வறண்ட நாள்களில் தேனீ தண்ணீர் தேடிக் குழாயடிக்கும் துணிக்கொடிக்கும் வரும். தட்டில் கூழாங்கல் போட்டு நீர் வைக்கலாம் என்று நூல்கள் சொல்கின்றன. நம் நாட்டிலோ தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். சுகாதார அதிகாரி அபராதமும் விதிப்பார். ஆகவே நீரைத் தினமும் கொட்டி மாற்றுங்கள். முடியாதெனில் ஈரச்சாக்கைத் தொங்கவிடுங்கள். கொசுப்புகை அடிக்க வருவதாக அறிவிப்பு வந்தால், முதல் நாள் இரவே கெலுலுட் கூட்டின் வாசலை வலையால் மூடி வேறிடத்துக்கு மாற்றிவிட வேண்டும். புகைக்குக் கொசுவும் ஒன்றுதான், தேனீயும் ஒன்றுதான்.

இறுதியாக, கொட்டிவிட்டால் என்ன செய்வது? மலைத்தேனீக் கூட்டம் துரத்தினால் கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு நேராக ஓடி, கட்டடத்துக்குள் நுழைந்து கதவைச் சாத்த வேண்டும். குளத்தில் குதிப்பது திரைப்படத்துக்கு மட்டும். மூச்சுவிட மேலே வரும்வரை அவை காத்திருக்கும். கொட்டிய இடத்தில் பழுத்த வாழைப்பழ வாசனை எழும். மற்றத் தேனீக்களை அழைக்கும் மணம் அது. ஆகவே அங்கேயே நின்று கொடுக்கைத் தேடாமல் முதலில் அகலுங்கள். பாதுகாப்பான இடத்துக்கு வந்ததும் கொடுக்கை உடனே எடுத்துவிடுங்கள். நகத்தால் சுரண்டலாமா, கிள்ளலாமா என்ற வாதம் வேண்டாம். எவ்வளவு விரைவில் எடுக்கிறோம் என்பதே முக்கியம், ஏனெனில் பிரிந்த கொடுக்கு தொடர்ந்து நஞ்சைச் செலுத்திக்கொண்டிருக்கும். சோப்பு நீரால் கழுவிப் பனிக்கட்டி ஒற்றடம் கொடுங்கள். சுண்ணாம்பு, பற்பசை, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம்.

கொட்டிய இடம் மட்டும் வீங்கினால் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. உடலெங்கும் தடிப்பு, உதடும் கண்ணும் வீங்குதல், மூச்சுத்திணறல், வாந்தி, மயக்கம் இவற்றுள் எது தெரிந்தாலும், ஒரே கொட்டாயினும், 999 அல்லது அருகிலுள்ள மருத்துவமனை. ஒரே நேரத்தில் பல இடங்களில் கொட்டுப்பட்ட பிள்ளையையும் அவ்வாறே கொண்டுசெல்ல வேண்டும். பகாவ், ரொம்பின் பக்கத்து உள்தோட்டங்களில் மருத்துவமனைக்குச் செல்லும் நேரத்தை எண்ணிப் பாருங்கள். "கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்று காத்திருக்க அங்கே இடமில்லை.

எனவே பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். கல்வியாண்டின் தொடக்கத்தில் பள்ளி தரும் நலப் படிவத்தில் ஒவ்வாமைக்கென ஒரு பத்தி இருக்கும். பெரும்பாலான படிவங்கள் அவ்விடத்தில் ஒரு கோட்டோடு திரும்பி வருகின்றன. உங்கள் பிள்ளைக்கு முன்பு தேனீயோ குளவியோ கொட்டி உடல் முழுதும் தடித்திருந்தால் அதை அங்கே எழுதுங்கள். எந்த வயதில், என்ன ஆயிற்று, மருத்துவர் என்ன கொடுத்தார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். படிவத்தில் இடம் போதாவிட்டால் தனித்தாளில் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.